ஓ.டி.க்கு ஒரு ரப்பர் உருண்டை

புது பேட்ச் மக்களே, வருகிற வெள்ளிக்கிழமையோடு நான் ரிட்டயர் ஆகிறேன். வயது இருபத்தாறு. சிரிக்காதீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ரூமில் நான்கு பெண்கள், ஒரு பாத்ரூம், விடிகாலை ஐந்தேகாலுக்கு ஒரகடத்துக்கு ஏ ஷிஃப்ட் பஸ் என்று மூன்றரை வருடம் ஓட்டியவளுக்கு அந்த வார்த்தையைப் பயன்படுத்த உரிமை இருக்கிறது. ஓசூரில் வேறு வேலை கிடைத்துவிட்டது. போகிறேன்.

இண்டக்‌ஷனில் ஹெல்மெட், ஷூ, மஞ்சள் கோட்டுக்குள் நடப்பது பற்றியெல்லாம் ஸ்லைடு போட்டிருப்பார்கள். கேட்டில் ஒரு பழுப்பு நாய் உங்கள் பையை முகர்ந்து பார்க்கும் என்பதற்கு ஸ்லைடு கிடையாது. போன வாரம் உங்களில் ஒருவன் கேட்டான். க்யூ.சி. ரூம் சாம்பிள் போர்டில் கார் ரப்பர்களுக்கு நடுவே பல் தடத்தோடு ஓர் உருண்டை தொங்குகிறதே, அது எந்த வண்டிக்கு என்று. எந்த வண்டிக்கும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னுடைய முட்டாள்தனங்கள் இதில் மூன்று வருகின்றன. மூன்றையும் நீங்கள் திரும்பச் செய்ய வேண்டாம், புதிதாக வேறு செய்யுங்கள்.

முதல் முட்டாள்தனம் மஞ்சள் கார்டு. யாருக்காவது அடிபட்டிருக்கும், நல்லவேளை படவில்லை என்கிற சம்பவம் நடந்தால் அந்தக் கார்டில் எழுதிப் போட வேண்டும். ட்ரெய்னி என்றால் மாதம் இரண்டு கட்டாயம். நான் சேர்ந்த மாதம் முடிய ஒரு நாள் பாக்கி. அதுவரை நான் எழுதியிருந்தது ஒரே ஒரு கார்டுதான். அன்று பஞ்ச் அடிக்கும்போது பையைக் கீழே வைத்தேன். திரும்புவதற்குள் அந்தப் பழுப்பு நாய் ஓ.டி. மூக்காலேயே ஜிப்பைத் திறந்து டிஃபன் பாக்ஸை வெளியே இழுத்திருந்தான். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எங்கே போயின என்று பார்க்கக்கூட எனக்கு அவகாசம் இல்லை. மூடி உருண்டு எங்கோ போய்விட்டது. அவனை விலக்கப் போய் நான் வழுக்கி, விழாமல் தப்பித்தேன்.

அவன் பெயர்க்காரணம் சொல்லிவிடுகிறேன். ஏ ஷிஃப்ட் பஸ் வரும்போதும் கேட்டில் இருப்பான், பி ஷிஃப்ட் கிளம்பும்போதும் இருப்பான். நம் எல்லோரையும்விட அதிக ஓவர்டைம் பார்ப்பவன். அதனால் ஓ.டி.

மத்தியானம் பசியும் டார்கெட்டும் சேர்ந்து என்னை எழுத வைத்தன. ‘கேட்டில் நாய். பாதுகாப்பற்ற நிலை. ஊழியர் விழுந்திருக்கக்கூடும்.’ பெட்டியில் போட்டேன். இரண்டு கார்டு முடிந்தது, ஜாலி.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. நம்பர் விழுந்த கார்டைக் கிழிக்க முடியாது. ஒரு நடவடிக்கை எடுத்து, அது வேலை செய்கிறது என்று காட்டித்தான் மூட வேண்டும். அடுத்த திங்கட்கிழமை கஸ்டமர் ஆடிட். அதற்குள் எந்தக் கார்டும் திறந்திருக்கக் கூடாது என்று அட்மின் சார் உட்கார்ந்தார். என் கார்டுக்கு அவர் எழுதிய நடவடிக்கை இரண்டே வார்த்தை: ‘நாயை அகற்றுதல்.’ சனிக்கிழமை ஒரு வண்டி வரும், எங்கேயோ கொண்டுபோய் இறக்கிவிடும். எங்கே என்று அவருக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை பகல் ஷிஃப்ட் செக்யூரிட்டி முருகேசன் அண்ணன் என் ஐடி கார்டைப் பார்ப்பதுபோல நிறுத்தினார். ஒரு மழைக்காலத்தில் தன் கேபினுக்கு அடியில் ஒதுங்கிய குட்டியை இவ்வளவு பெரிதாக ஆக்கியவர் அவர். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கார்டுல அவன எழுதிட்டீங்களாமே மேடம். சனிக்கெழம வண்டி வருதுன்றாங்க. எழுதுன கையாலயே அத்த மாத்த முடியாதா?”

நேராக அட்மின் சாரிடம் போனேன். மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன், காலேஜ் பழக்கம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நாய்மேல் தனக்கு எந்தக் கோபமும் இல்லை, கார்டு மூட வேண்டும், அவ்வளவுதான் என்றார். வேறு நடவடிக்கை இருந்தால் கொடு என்றார். “ஏன் பையத் தூக்குறான்னு மூல காரணம் கண்டுபிடி. சனிக்கிழமை ரெண்டரைக்கு ஷிஃப்ட் மாறும்போது நானே கேட்ல நிப்பேன். ஒரு பையில வாய வச்சான்னாலும் வண்டியில ஏத்திருவேன்.”

ஆக, நான்கு நாள்.

மூல காரணத்துக்கு ‘ஏன்? ஏன்?’ என்று ஐந்து முறை கேட்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். என் முதல் ஏனுக்குப் பசி என்று எழுதினேன். கான்டீனில் அவனுக்கு மிச்சச் சோறு போடும்போது ஸ்டாப்வாட்சை வைத்துப் பார்த்தேன். ஒரு தட்டுச் சோறு, பத்தொன்பது விநாடி. மெல்லவே இல்லை. பிறகு பைக் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பாதியைக் கக்கினான். பிறகு உட்கார்ந்தான். எழுந்தான். ஒரு சைக்கிள் டயரைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான். ஷிஃப்ட் பஸ் ஹாரன் கேட்டதும் தீபாவளி மாதிரி துள்ளி எழுந்து பைகளைத் தேடி ஓடினான்.

இதை ஃபினிஷிங் டேபிளில் சொன்னேன். அங்கே ஓர் அக்கா உண்டு. பெயர் போட்டால் அடிக்க வருவாள், அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள். பென்னலூர்க்காரி. அச்சிலிருந்து வரும் ரப்பரின் ஓரப் பிசிறுகளைப் பிளேடால் சீவுகிறவள், கையும் வாயும் ஒரே வேகம். என் ஏன்-ஏன் தாளை ஒரு பார்வை பார்த்தாள்.

“பசின்னு யாருமா எழுதச் சொன்னது? சோத்த ஒரே முழுங்கா முழுங்கிட்டு மீதி நேரம் அவன் இன்னாத்த பண்ணுவான்? உனுக்கு போன் கீது, நோண்டிக்கினு கீற. அவனுக்கு?”

பதினாறு வருடம் படித்த நான் அடித்துத் திருத்தினேன். மூல காரணம்: வேகமாகத் தின்கிறான், பிறகு போரடிக்கிறது.

வேளச்சேரியில் என் காலேஜ் தோழி வீட்டில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. அதற்குத் தட்டே கிடையாது. ஓட்டை வைத்த ஒரு பொம்மைக்குள் தீனியை அடைத்துக் கொடுப்பார்கள். அது உருட்டும், நக்கும், தட்டும், தலைகீழாகக் கவிழ்க்கும், ஒவ்வொன்றாக விழும். சாப்பாடும் விளையாட்டும் ஒன்றாக முடிந்து, அரை மணி கழித்துக் குறட்டை விடும். நம்மிடம் ரப்பருக்கா பஞ்சம் என்று தோன்றியது.

இரண்டாவது முட்டாள்தனம் இங்கே ஆரம்பம். ரிஜெக்ட் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு புஷ்ஷை எடுத்தேன். காரின் இரும்புப் பாகங்கள் ஒன்றோடொன்று மோதாமல் நடுவில் வைக்கிற, உள்ளே பொந்து இருக்கிற ரப்பர் உருளை. கழுவி, பிஸ்கட் அடைத்து, புதன்கிழமை அவனிடம் போட்டேன். சூப்பராக வேலை செய்தது. நான் வீடியோ எடுத்து ரூம்மேட்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். போனிலிருந்து கண்ணை எடுத்தபோது புஷ்ஷில் ஒரு பக்கமே இல்லை.

அவன் வாயைப் பிளந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

ஃபினிஷிங் டேபிளுக்கு ஒரு சட்டம் உண்டு. பிளேடு உடைந்தால் லைன் நிற்கும். எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, வெள்ளைத் தாளில் டேப் போட்டு ஒட்டி, முழு பிளேடாகச் சேர்ந்தால்தான் மறுபடி ஓடும். ஒரு துணுக்கு குறைந்தாலும் ஓடாது. அக்கா டீ டைமில் வெளியே வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், புஷ்ஷைப் பார்த்தாள், தாளும் டேப்பும் கொண்டுவரச் சொன்னாள். பத்து நிமிட டீ பிரேக்கில் பதினொரு பேர் கேட் பக்கம் குனிந்து குனிந்து கறுப்புத் துணுக்கு பொறுக்கினார்கள். ஓ.டி.க்கு ஒரே குஷி. எல்லோரும் தன்னோடு விளையாட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருவர் முதுகிலும் காலை வைத்தான்.

ஒட்டிப் பார்த்தோம். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு குறைந்தது.

கால்நடை டாக்டருக்கு போன் போட்டேன். வாந்தி எடுக்கிறானா, சோர்ந்திருக்கிறானா, சாப்பிட மறுக்கிறானா என்று கேட்டார். ஓ.டி. அப்போது என் ஷூ லேஸைத் தின்ன முயன்றுகொண்டிருந்தான் என்றேன். சரி, கவனித்துக்கொண்டே இருங்கள், கொஞ்சம் சரியில்லை என்றாலும் உடனே தூக்கிவாருங்கள் என்றார். பிறகு, கார் ரப்பரை நாய் வாயில் கொடுக்கலாம் என்று எந்தப் புத்திசாலி சொன்னார் என்றும் கேட்டார். ட்ரெய்னி ஒருத்தி சார், புதுசு என்றேன்.

முருகேசன் அண்ணன் கேபின் படியில் உட்கார்ந்தார். காலை மடித்துப் போட்டார். அக்கா தாளைக் கையில் வைத்தபடி அவர் காலையே பார்த்தாள். பிறகு தன் பிளேடின் பின்பக்கத்தால் அவருடைய பூட்ஸ் அடியில் ஒரு நெம்பு நெம்பினாள். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு தெறித்து விழுந்தது. தாளில் வைத்தாள். புஷ் முழுசானது.

“லைன் ஓடலாம்” என்றாள். அவ்வளவுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, இரண்டும் சரியாக வரவில்லை.

தம்பி தங்கைகளே, சட்டம் எல்லாம் கஸ்டமருக்காக எழுதப்பட்டது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பதற்றத்தில் மூளை ஓடாது. அப்போது கை தானாகச் செய்யத்தான் சட்டம். அன்று எனக்கு மூளை ஓடவில்லை. அக்காவுக்குக் கை ஓடியது.

வியாழக்கிழமை பிரஸ் ஆபரேட்டர் பால்பாண்டியைப் பிடித்தேன். கோவில்பட்டிப் பையன், என் வயதுதான், ஆனால் எல்லோரையும் எக்கா என்பான். நம் ஷெட்டின் பின்மூலையில் பால் கறக்கும் மெஷினுக்குப் போகிற ரப்பர் ஒன்று ஓடுகிறதே, வாயில் பட்டாலும் கெடுதல் இல்லாத கலவை. அதில் கெட்டியாக ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். புரொடக்‌ஷன் மேனேஜரிடம் ட்ரையல் என்று சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன்; எதற்கு ட்ரையல் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பால்பாண்டி தூசி படிந்த பழைய அச்சு ஒன்றைத் துடைத்து எடுத்துவந்தான். என்றோ கேன்சலான ஆர்டர். பெரிய ஆரஞ்சுப்பழம் அளவு உருண்டை, விரல் தடிமனுக்குச் சுவர், நடுவில் இரண்டு பக்கமும் திறந்த துளை. “இது அவன் வாய்க்குள்ள முழுசாவும் போவாது, பிய்க்கவும் முடியாதுக்கா. வேணும்னா நானே கடிச்சுக் காட்டுதேன்” என்றான். கடித்தும் காட்டினான். இரண்டு உருண்டை வந்தது.

அன்று ஓ.டி. அதை இருபத்திரண்டு நிமிடம் உருட்டினான். நடுவில் வெறுத்துப்போய் இரண்டு முறை குரைத்தான், ஒரு முறை என்னைப் பார்த்து. பிஸ்கட் துளையில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. எனக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டாள். அடைப்பு! லைன் ஸ்டாப்! வெள்ளிக்கிழமை காலை துளையைப் பெரிதாகக் குடைந்தேன். மறுபடி நேரம் பார்த்தேன். நான்கு நிமிடம். தாளில் கிராஃப் போட்டு, இருபத்திரண்டிலிருந்து நான்குக்கு ஒரு பச்சை அம்பு வரைந்து, ஒரு சுற்று வேலைக்கு ஆகும் நேரம் குறைந்தது என்ற அர்த்தத்தில் ‘சைக்கிள் டைம் குறைப்பு’ என்று தலைப்பும் கொடுத்து போர்டில் ஒட்டினேன். ஷிஃப்ட் இன்சார்ஜ் பார்த்துவிட்டுக் கை குலுக்கினார். பால்பாண்டி கைதட்டினான். இந்த ரோட்டில் உள்ள கம்பெனிகளில் எவரைக் கேட்டாலும் கைதட்டியிருப்பார்கள். நேரம் குறைந்தால் நாமெல்லாம் கைதட்டுவோம். அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம்.

அன்று இரண்டரைக்கு, நான்கு நிமிடத்தில் உருண்டையை முடித்துவிட்டு ஃப்ரீயாக இருந்த ஓ.டி., ஃபினிஷிங் டேபிள் அக்காவின் பையைத் திறந்து கருவாட்டு டப்பாவோடு பைக் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டான்.

அக்கா காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போர்டுக்கு வந்தாள். என் பச்சை அம்பை மேலிருந்து கீழே வரை படித்தாள்.

“அவன் வேகமா துன்றதுதானமா கம்ப்ளெய்ன்ட்டே? அத்த இன்னும் வேகமாக்கிட்டு போர்டுல வேற ஒட்டி வச்சிக்கினு கீற.”

இதுதான் மூன்றாவது. ஒருவர்கூட, நான் உட்பட, அந்த எண் ஏற வேண்டியதா இறங்க வேண்டியதா என்று கேட்கவில்லை. வேகம் என்றால் நல்லது என்று கை தானாகத் தட்டிவிட்டது. அன்றிலிருந்து எந்த கிராஃப் போட்டாலும் அம்பு வரைவதற்கு முன் ஒரு நிமிடம் பேனாவை மூடி வைக்கிறேன். நீங்களும் வையுங்கள்.

இருந்தது ஒரு நாள். ஓர் உருண்டையைக் குடைந்து கெடுத்தாகிவிட்டது. இன்னொன்று சின்னத் துளையோடு இருந்தது. ஆனால் அதுதான் அவனை வெறுக்க வைத்தது. லேசாக இருந்தால் நான்கு நிமிடம், கஷ்டமாக இருந்தால் கோபம். கான்டீனில் டீயை வைத்துக்கொண்டு விழித்தேன். கான்டீன் மாஸ்டர் அப்போது ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் எடுத்தார். உள்ளிருந்து புகை மாதிரி குளிர் வந்தது. எனக்கு எல்லாம் விளங்கியது.

வெங்காயம், மசாலா எதுவும் படாத வெறும் சோறு, தயிர், உதிர்த்த அவித்த முட்டை. சின்னத் துளை உருண்டையின் அடித்துளையில் ஒரு பிஸ்கட்டை இறுக்கி, உள்ளே இதைப் பிசைந்து அடைத்து, ஃப்ரீசரில் வைத்தோம். பெரிய துளை உருண்டையில் உதிரி பிஸ்கட். முதலில் சுலபமானது, ஜெயித்த சந்தோஷத்தில் அவன் இருக்கும்போது கஷ்டமானது. வெளியே கொஞ்சம் தயிர் தடவிக் கொடுத்தால் முதல் நக்கே லாபம். மீதி வெயிலில் உருக உருக வரும். ஒரகடம் வெயிலுக்கு முதன்முதலாக ஒரு பிரயோஜனம்.

சனிக்கிழமை வண்டி ரெண்டு மணிக்கே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றது. பின்னால் கம்பிக் கூண்டு. முருகேசன் அண்ணன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ரெண்டு பத்துக்கு முதல் உருண்டை. ரெண்டு பதினைந்துக்கு ஐஸ் உருண்டை. அட்மின் சார் தன் லெதர் பையைக் காலடியில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பைக்குள் அவர் மத்தியானம் சாப்பிடாத டிஃபன் இருப்பது எனக்குத் தெரியும், ஓ.டி.க்கும் தெரிந்திருக்கும்.

பஸ்கள் வந்தன. ஹாரன் அடித்தது. ஓ.டி. காதை மட்டும் தூக்கினான், நாக்கை நிறுத்தவில்லை. ஏ ஷிஃப்ட் வெளியே, பி ஷிஃப்ட் உள்ளே. கேட்டில் நானூறு பை இருந்திருக்கும். அவன் இரண்டு முன்னங்காலாலும் உருண்டையை அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி நக்கிக்கொண்டிருந்தான். மக்கள் கடந்துபோகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், கோயிலில் போவதுபோல. விஷயம் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது உருண்டை அவன் காலிலிருந்து நழுவியது. சரிவில் உருண்டு, வேகம் பிடித்து, நேராகக் கூண்டு வண்டிக்கு அடியில் போய் நின்றது.

ஓ.டி. போய்க் குனிந்து பார்த்தான். நுழைய முடியவில்லை. முனகினான். எழுந்து சுற்றும் முற்றும் பார்த்தான். எல்லாப் பக்கமும் பை. நான் ஓடியிருக்கலாம். ஓடினால் அவனும் துள்ளிக் கூட்டத்துக்குள் பாய்வான் என்று கால் நின்றுவிட்டது. பால்பாண்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். ஓ.டி. மெதுவாக நடந்து, அத்தனை பேரையும் விட்டுவிட்டு, அட்மின் சாரிடம் போனான். லெதர் பையை முகர்ந்தான்.

முருகேசன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஓ.டி. பையைச் சுற்றிக்கொண்டு வந்து, அட்மின் சார் எதிரே உட்கார்ந்தான். வண்டியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடி வண்டியைப் பார்த்தான். ஒரே ஒரு முறை குரைத்தான்.

“என்னவாம் இவனுக்கு?” என்றார் அட்மின் சார்.

“பந்து வண்டிக்கு அடில பூட்ச்சு சார்” என்றார் முருகேசன் அண்ணன். “எடுத்துக் குடுக்கச் சொல்றான்.”

அட்மின் சார் ஆடிட்டுக்காக வாங்கிய புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தரையில் முட்டி போட்டார், பிறகு படுத்தே விட்டார். கூண்டு வண்டிக்கு அடியில் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். எழுந்தபோது சட்டையில் கிரீஸ், கையில் தயிர், உருண்டை. ஓ.டி. அதை மரியாதையாக வாயில் வாங்கிக்கொண்டு தன் பழைய இடத்துக்குத் திரும்பினான். கேட்டில் யாரோ விசில் அடித்தார்கள்.

வண்டி டிரைவர் இறங்கிவந்து, ஏற்றலாமா சார் என்று கேட்டார்.

“எதை ஏத்தப் போற? மொதல்ல வண்டியத் தள்ளி நிறுத்துப்பா. பந்து உருளுற எடம் இது.”

திங்கட்கிழமை ஆடிட்டர் அந்தக் கார்டைப் படித்தார், போர்டைப் பார்த்தார், பிறகு கேட்டுக்குப் போய் இருபது நிமிடம் திரும்பி வரவில்லை. கார்டு மூடப்பட்டது. நடவடிக்கைக்குப் பொறுப்பானவர் என்ற கட்டத்தில் அட்மின் சார் தன் பெயரையே எழுதியிருந்தார். இன்றுவரை மத்தியானம் ஐஸ் உருண்டையை அவர்தான் எடுத்துப்போகிறார். அடைப்பதில் தனக்கென்று ஒரு முறை இருக்கிறதாம். முட்டையை எங்கே வைக்க வேண்டும் என்று என்னிடமே பாடம் எடுக்கிறார். ஓ.டி. கக்குவதில்லை, பை திறப்பதில்லை. முகர்வது மட்டும் பழக்கம், அதைத் தடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை. அக்காவுக்குப் புதுக் கருவாட்டு டப்பா நான் வாங்கிக் கொடுத்தேன். பல் தடம் பதிந்த முதல் உருண்டைதான் சாம்பிள் போர்டில் தொங்குவது.

ஒரே ஒரு விஷயம் முடியாமல் நிற்கிறது. என் டிஃபன் பாக்ஸ் மூடி. மூன்றரை வருடமாகத் தட்டு வைத்து மூடித்தான் சாப்பாடு கொண்டுவந்தேன். கேபினுக்குப் பின்னால் ஒரு பள்ளம் தோண்டி அதில் ஓ.டி. தன் சொத்துகளை வைத்திருக்கிறான் என்பது என் சந்தேகம். போன வாரம் நேராக அவனிடமே கேட்டேன். உருண்டையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தான். அந்த மூடியைத் தேடும் வேலையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். கிடைத்தால் ஓசூருக்கு அனுப்புங்கள். தயவுசெய்து கார்டு மட்டும் எழுதாதீர்கள்.